துளிர்த்த பிறகே தெரிவது

நாற்றுப்பண்ணைக்குள் நான் நுழையும்போதெல்லாம் உரிமையாளர்கள் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "துறைமுகத்திலேயே பார்த்து முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்களே சார், மறுபடியும் எதற்கு?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஏற்றுமதி செய்த நாடு கொடுத்த தாவர சுகாதாரச் சான்றிதழ் அவர் கையில் இருக்கிறது. நுழைவிடத்தில் ஓர் அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்து, குறையொன்றும் இல்லை என்று எழுதியும் கொடுத்திருக்கிறார். இத்தனைக்கும் பிறகு கைலென்ஸும் காகித உறைகளும் ஒரு கத்தியுமாக நான் வந்து நின்றால், சந்தேகம் செடியின் மீதா, தன் மீதா என்று அவருக்குத் தோன்றுவது இயல்பே. இறக்குமதியான செடிகளை அவை நாட்டுக்குள் வந்த பிறகு சோதிப்பது என் வேலை. பண்ணை வாசலில் நின்றபடி அந்தக் கேள்விக்கு முழுதாகப் பதில் சொல்ல வாய்ப்பதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நுழைவிடத்து அதிகாரிக்குக் கிடைப்பது சில மணி நேரம் மட்டுமே. அதைவிடப் பெரிய தடை, செடி அவர் முன் வந்து நிற்கும் நிலை. உறங்கும் பருவத்தில் தோண்டியெடுக்கப்பட்ட மரக்கன்று இலையில்லாமல், வேரில் ஈரப்பாசி சுற்றப்பட்டு, குளிரூட்டிய பெட்டியில் வந்து சேர்கிறது. இலையே இல்லாத செடியில் இலைப்புள்ளி நோயை யார் தேட முடியும்? குளிரில் பூச்சிகள் அசையாமல் ஒடுங்கிக் கிடக்கின்றன. இலையோடு வரும் செடியிலும் இலைப்பேன் தன் முட்டைகளை இலையின் மேல் வைக்காமல், திசுவைக் கீறி உள்ளே செருகிவிடுகிறது. பச்சை இலைக்குள் புதைந்த அந்த முட்டையைப் பெட்டியருகே நின்று பார்க்கும் எவருடைய கண்ணும் பிடித்துவிடாது. அதே செடி பசுமைக்குடிலின் வெப்பத்துக்கு வந்து, நீர் குடித்து, புதுத் துளிர் விட்டு, இரண்டு மூன்று வாரம் கழிந்த பின்னர் நிலைமை வேறு. சுமார் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வெள்ளை ஈ முட்டையிலிருந்து முழுப் பூச்சியாவதற்கு மூன்று வாரம் அளவில் போதும். ஆகவே செடி வந்து இறங்கிய சில நாட்களில் ஒரு முறையும், மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொரு முறையும் போவதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். இரண்டாம் முறை கிடைக்கும் விடையையே அதிகம் நம்புகிறேன்.

இன்னொரு காரணம் கணக்கு சார்ந்தது. பத்தாயிரம் செடிகள் கொண்ட சரக்கில் ஒவ்வொன்றையும் யாரும் பார்ப்பதில்லை. மாதிரி எடுத்தே பார்க்கிறார்கள். சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் 2008இல் ஏற்கப்பட்ட மாதிரியெடுப்பு நெறிமுறை இதற்கான அட்டவணைகளைத் தருகிறது. பெரிய சரக்கொன்றில் நூற்றுக்கு ஒரு செடியில் பூச்சி இருந்தால், அதை 95 விழுக்காடு உறுதியோடு கண்டுபிடிக்க ஏறக்குறைய 300 செடிகளைப் பார்க்க வேண்டும். நூற்றுக்கு ஐந்து என்றால் 59 போதும். இப்போது அந்தப் பத்தாயிரத்தில் பத்தே பத்துச் செடிகள் பழுதாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். 300 செடிகளைப் பொறுமையாகப் பார்த்தாலும் அவற்றில் ஒன்றுகூடக் கையில் அகப்படாமல் போகும் வாய்ப்பு நான்கில் மூன்று அளவுக்கு இருக்கிறது. அதுவும் பூச்சி இருக்கும் செடியைத் தூக்கிப் பார்த்தால் தவறாமல் கண்டுவிடுவோம் என்று எண்ணிப் போட்ட கணக்கு. மனிதக் கண் அப்படித் தவறாதது அல்ல. பிற்பகல் நான்கு மணிக்கு, இருநூறாவது தொட்டியைத் திருப்பும்போது என் கண் காலையில் இருந்த கண் இல்லை. அதனால் "ஒன்றும் காணப்படவில்லை" என்ற குறிப்பை "ஒன்றும் இல்லை" என்று படிக்கக் கூடாது என்பதை நான் பயிற்சிக்கு வருபவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது காரணத்தைப் பண்ணையாளர்களிடம் சொல்லும்போது சற்றுக் கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏற்றுமதிக்கு முன்பு செடிகளுக்குப் பூஞ்சணக்கொல்லி தெளிப்பது எங்கும் உள்ள நடைமுறை, அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. ஆனால் ஃபைட்டோஃப்தோரா போன்ற கிருமிகளைப் பொறுத்தவரை அந்த மருந்துகளில் பல கிருமியைக் கொல்வதில்லை. வளர்ச்சியை நிறுத்தி வைப்பதோடு சரி. மருந்தின் வேகம் தணியும் வரை இலை பளபளப்பாகவே இருக்கும். வாரங்கள் கழித்து இலை நுனியிலோ காம்பிலோ கருப்பு படர ஆரம்பிக்கும்போது செடி துறைமுகத்தை விட்டு வெகு தூரம் வந்திருக்கும். இதனால்தான், சோதனைக் காலம் முடியும்வரை அந்தச் செடிகளுக்குத் தெளிக்கும் ஒவ்வொரு மருந்தையும் தேதியோடு எழுதி வைக்கும்படி நான் வற்புறுத்துகிறேன். செடியைக் காப்பாற்றும் நல்ல எண்ணத்தில் தெளித்த மருந்தே நான் தேடும் அறிகுறியை மறைத்துவிட்டிருக்கிறது. அப்படி ஒரு மாதக் காத்திருப்பு வீணானதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

மருந்தே இல்லாமல் மறைந்து வருபவையும் உண்டு. 2003ஆம் ஆண்டு கென்யாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற ஜெரேனியக் குச்சிகளில் ரால்ஸ்டோனியா சொலனேசியேரம் என்னும் பாக்டீரியாவின் ஒரு வகை இருந்தது பின்னர் தெரியவந்தது. உருளைக்கிழங்கில் பழுப்பு அழுகலையும் தக்காளியில் வாடலையும் உண்டாக்கும் வகை அது. குளிர்ச்சியான சூழலில் ஜெரேனியம் இந்தக் கிருமியை எந்த அடையாளமும் காட்டாமல் சுமந்து நிற்கக்கூடியது. குச்சிகள் வேர்பிடித்து, பல மாநிலங்களின் பசுமைக்குடில்களுக்குப் போன பிறகு, எங்கெங்கே போயின என்று தேடித் தேடி அழிக்க வேண்டியதாயிற்று. அலங்காரச் செடி ஒன்றுக்காக இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், அந்தக் கிருமி கண் வைத்திருப்பது ஜெரேனியத்தின் மேல் அல்ல, பக்கத்து வயலின் உருளைக்கிழங்கின் மேல் என்பதே.

இத்தகைய வாடலைச் சந்தேகிக்கும்போது செய்யும் எளிய சோதனை ஒன்றை நான் முதன்முதலில் பார்த்த நாள் இன்னும் நினைவில் இருக்கிறது. அடியிலை ஒன்று ஆப்பு வடிவில் மஞ்சளடித்து, ஓரம் மேல்நோக்கிச் சுருண்டிருந்த செடி. என் மேலதிகாரி தண்டின் அடிப்பகுதியில் ஒரு விரல் நீளத் துண்டை வெட்டினார். கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீரை ஊற்றி, வெட்டிய முனை நீரின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நிற்குமாறு பிடித்துக்கொண்டார். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு வெட்டுவாயிலிருந்து மெல்லிய வெண்ணூல் ஒன்று, ஊதுவத்திப் புகை தலைகீழாக இறங்குவதுபோல், கீழ்நோக்கி வழியத் தொடங்கியது. பின்னால் இன்னொன்று. அத்தனையும் பாக்டீரியா. குவளையின் அடியில் பால் கலந்ததுபோல் நீர் மங்கியது. எந்தக் கிருமி என்பதை ஆய்வகம்தான் உறுதிசெய்ய வேண்டும் என்றாலும், அந்தப் பசுமைக்குடிலின் கதவைப் பூட்டி, உள்ளே இருந்த கத்திகளையும் காலணிகளையும் அப்படியே வைத்துவிட்டு வர அந்தக் குவளை போதுமாக இருந்தது.

வேலையின் அன்றாடம் இவ்வளவு வியப்பானது அல்ல. பெரும்பகுதி குனிவதும் திருப்புவதும் எழுதுவதுமே. பண்ணைக்குள் போகும் வரிசையை முதலில் தீர்மானிக்கிறேன்: சுத்தமாக இருக்கும் என்று எதிர்பார்க்கும் பகுதி முதலில், சந்தேகமான பகுதி கடைசியில். வரிசை மாறினால் என் சட்டைக்கையே பூச்சியைச் சுமந்து செல்லும். மஞ்சளும் நீலமும் பூச்சிகளை ஈர்க்கும் நிறங்கள் என்பதால் அந்த நிற உடைகளை வேலைக்கு உடுத்துவதில்லை. தூரத்தில் நின்று முழு மேசையையும் ஒரு முறை பார்ப்பது அடுத்தது. உயரம் குறைந்தது, நிறம் மங்கியது, மற்றவை நிமிர்ந்திருக்கும்போது தான் மட்டும் தலை சாய்ந்தது என எதுவானாலும் அந்தத் தொட்டிக்கு ஒரு குச்சி நட்டு அடையாளம் வைக்கிறேன். பிறகுதான் கைலென்ஸ். இலையின் அடிப்பக்கம், நரம்பும் நரம்பும் சேரும் மூலை, கணுக்களின் இடுக்கு, இன்னும் விரியாத குருத்து. வெள்ளைக் காகிதத்தை இலைக்கடியில் பிடித்து, கிளையை இரண்டு தட்டுத் தட்டினால் தூசி விழுகிறது. காகிதத்தை லேசாகச் சாய்க்கும்போது தூசி உருண்டு போய்விடும், இலைப்பேனும் சிலந்திப்பேனும் காகிதத்தைப் பற்றிக்கொண்டு நகரும். ஒரு மில்லிமீட்டர் நீள மஞ்சள் கோடு ஒன்று தாளின் குறுக்கே தானாக நடந்து போவதைப் பார்த்தவர்களுக்கு அதன்பின் எந்தத் தூசியும் வெறும் தூசியாகத் தெரியாது.

பலரும் விட்டுவிடுவது தொட்டியின் உட்புறம். செடியைத் தொட்டியிலிருந்து உருவி வேர்ப்பந்தைப் பார்க்காமல் நான் எந்தச் சோதனையையும் முடிப்பதில்லை. வேர் மாவுப்பூச்சி தொட்டியின் சுவரும் வேரும் ஒட்டும் இடத்தில் நீலம் கலந்த வெண்மெழுகாய்ப் படிந்திருக்கும். மேலே செடி செழிப்பாகவே நிற்கும். வேர்முடிச்சு நூற்புழு இருந்தால் வேர்களில் மணிகோத்ததுபோல் வீக்கங்கள் தெரியும். மண்ணோடு செடி கொண்டுவருவதைப் பல நாடுகள் தடை செய்திருப்பதற்குக் காரணம் இதுவே. ஒரு கைப்பிடி மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்து முடிப்பதற்குள் செடி காய்ந்துவிடும். மண்ணுக்குப் பதிலாகத் தொட்டியில் நிரப்பும் தேங்காய் நார்க்கழிவு போன்ற வளர்ப்பு ஊடகங்கள் மண்ணைவிட மேல் என்றாலும், அவையும் பண்ணையில் தரையில் வைக்கப்பட்டிருந்தால் நூற்புழு ஏறியிருக்கலாம் என்பதை மறப்பதற்கில்லை.

செடியை வெட்டித்தான் பார்க்க வேண்டும் என்னும் கட்டம் ஒன்று உண்டு, எனக்கு இந்த வேலையில் மிகக் கடினமானது அது. எலுமிச்சை நீளக்கொம்பு வண்டு என்று ஒன்று; பெயரில் எலுமிச்சை இருந்தாலும் மேப்பிள் உட்படப் பல மரங்களைத் தாக்கும். தாய்வண்டு தண்டின் அடிப்பகுதியில், தரையை ஒட்டி, பட்டையைக் கீறி முட்டையிடுகிறது. புழு உள்ளே துளைத்துக்கொண்டு அடிமரத்திலும் வேரிலும் ஓராண்டு, இரண்டாண்டு, சில வேளை அதற்கு மேலும் வாழ்கிறது. வெளியே வரும்போதுதான் ஒன்றரை சென்டிமீட்டர் வரை அகலமுள்ள வட்டத் துளை தெரிகிறது. அப்போது வண்டு பறந்துபோயிருக்கும். இத்தாலியில் மிலான் நகருக்கு அருகே 2000ஆம் ஆண்டு இது நிலைகொண்டிருப்பது தெரிந்தபின் ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட நேர்ந்தது. அதன் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் வகுத்த விதிகளின்படி, இந்த வண்டு இருக்கும் நாடுகளிலிருந்து வரும் சரக்கில் 4,500 செடிகள் வரை பத்தில் ஒரு பங்கையும் அதற்கு மேல் போனால் 450 செடிகளையும் வெட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. கண்ணால் மட்டும் பார்த்து இந்தப் புழுவைப் பிடிக்க முடியாது என்பதை ஒரு சட்டமே ஒப்புக்கொண்ட இடம் இது.

என் கையில் அது அகப்பட்டது ஒரு ஜப்பானிய மேப்பிள் கன்றில். தண்டு கட்டைவிரல் பருமன். இலைகள் அப்போதுதான் விரிந்து, செம்பு நிறத்தில், ஒரு குறையும் சொல்ல முடியாத அழகோடு இருந்தன. தொட்டியின் மேல்பரப்பிலுள்ள ஊடகத்தை விரலால் ஒதுக்கியபோது, தண்டும் வேரும் சேரும் கழுத்தில் ஒரு சிட்டிகை அளவுக்கு ஈரமான மரத்தூள் ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டு, மறுநாள் காலை மீண்டும் போய்ப் பார்த்தேன்; புதிதாக இன்னொரு சிட்டிகை. உரிமையாளர் அருகில் நின்றிருந்தார். அவரே வெட்டுவதாகச் சொல்லி ரம்பத்தை வாங்கிக்கொண்டார். குறுக்கே அறுத்த முகத்தில் பென்சில் நுழையும் அளவில் கரிய துளை; நீளவாக்கில் பிளந்தபோது வெளிர்மஞ்சள் நிறத்தில், காலில்லாத, தலைப்பக்கம் தடித்த புழு ஒன்று தன் சுரங்கத்துக்குள் மெல்லச் சுருங்கியது. அவர் ஒன்றும் பேசவில்லை. அந்தச் சரக்கின் மீதிச் செடிகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதை அவர் அதற்குள் உணர்ந்துவிட்டிருந்தார். முந்தைய மாதம் அதே தண்டுகளை நான் பார்த்து, குறையில்லை என்று எழுதியிருந்தேன். கழுத்தை மூடியிருந்த ஊடகத்தை அன்று ஒதுக்கிப் பார்க்கவில்லை. அந்த ஒரு மாதத்தில் கோடை தொடங்கியிருந்தால், துளை வெளியே திறந்திருக்கும்.

நட்பின் அடையாளமாக வரும் செடிக்கும் இந்தச் சோதனையில் விலக்கு இருக்க முடியாது என்பதற்கு வரலாற்றில் நல்ல சான்று இருக்கிறது. 1910 ஜனவரியில் டோக்கியோ நகரம் அன்பளிப்பாக அனுப்பிய 2,000 செர்ரி மரங்கள் வாஷிங்டன் வந்து சேர்ந்தன. வேளாண்துறையின் ஆய்வாளர்கள் பார்த்தபோது பூச்சிகளும் நூற்புழுக்களும் நோய்களும் இருப்பது தெரிந்தது. அரசியல் சங்கடம் எவ்வளவு இருந்திருக்கும்! ஆயினும் குடியரசுத் தலைவர் டாஃப்டின் ஒப்புதலோடு மரங்கள் எரிக்கப்பட்டன. ஜப்பானியர்கள் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாமல், மரங்களைப் புதிதாக ஒட்டுக்கட்டி, கவனமாக வளர்த்து, 1912 மார்ச்சில் 3,020 மரங்களை அனுப்பினார்கள். இன்று வசந்தத்தில் மக்கள் பார்க்கக் கூடும் மரங்களின் தொடக்கம் அந்த இரண்டாவது சரக்கு. அதே 1912 ஆகஸ்டில்தான் அமெரிக்கா தன் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டத்தை இயற்றியது. முதல் சரக்கை எரித்தவர்களைக் காட்டிலும், இரண்டாவது சரக்கைப் பழுதில்லாமல் வளர்த்து அனுப்பியவர்கள் மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

எரிக்காமல், தெரியாமல், விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை இத்தாலியின் தென்கோடியிலுள்ள புலியா பகுதி காட்டியிருக்கிறது. அங்கே ஆலிவ் மரங்கள் காய்ந்துபோவதற்கு சைலெல்லா ஃபாஸ்டிடியோசா என்னும் பாக்டீரியாவே காரணம் என்று 2013இல் கண்டறியப்பட்டது. நடு அமெரிக்காவிலிருந்து வந்த காப்பிச் செடியோடு அது நுழைந்திருக்கக்கூடும் என்பது மரபணு ஆய்வாளர்களின் கணிப்பு. நீர்க்குழாய்களை அடைத்து மரத்தைக் கொல்லும் இந்தக் கிருமி, பல செடிகளில் அறிகுறியே காட்டாமல் தங்கும். காட்டினாலும் அது பார்வைக்கு வறட்சியில் கருகிய இலையைப் போலவே இருக்கும். அங்கிருந்து அதை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போவது, அந்த நிலத்தில் முன்பே வாழ்ந்த சாதாரணமான எச்சில்நுரைப் பூச்சி. வந்த கிருமிக்கு வாகனம் ஏற்கெனவே காத்திருந்தது. நூற்றாண்டுகள் வயதான மரங்கள் பட்டுப்போயின.

இத்தனையையும் தாண்டி, என் சோதனை பலிப்பது பெரும்பாலும் பண்ணையாளரின் பதிவேட்டைப் பொறுத்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். எந்தச் சரக்கு எந்த மேசையில் இருந்தது, எத்தனை செடிகள் இறந்தன, இறந்தவற்றை என்ன செய்தார், எவருக்காவது விற்றாரா என்ற குறிப்புகள் இல்லாவிட்டால், பூச்சியைக் கண்டுபிடித்த பிறகும் எங்கே தேடுவது என்று தெரியாது. இறந்த செடிகளை வெட்கத்தோடு குப்பையில் போட்டுவிடுவார்கள். எனக்கோ இறந்த செடிதான் முதலில் வேண்டும். ஒரு பண்ணையாளர் ஏதோ சரியில்லை என்று தானாகவே தொலைபேசியில் கூப்பிடுகிறார் என்றால் அவருக்கு இழப்பீடும் ஆதரவும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சொன்னவருக்கே முதல் தண்டனை என்ற நிலை இருக்கும் இடங்களில் செய்தி எப்போதும் தாமதமாகத்தான் வருகிறது. ஒரு பருவம் தாமதமானாலே ஒரு பூச்சிக்குப் போதுமானது.

வைரஸ்களைப் பொறுத்தவரை மாதங்கள்கூடப் போதாமல் போவதுண்டு. பழமர ஒட்டுச்செடிகளைத் தனித்த வலைக்குடிலில் ஒன்றோ இரண்டோ வளர்ச்சிப் பருவங்கள் வைத்திருப்பதும், அவற்றின் சாற்றைச் சுட்டிச் செடிகளில், அதாவது வைரஸ் இருந்தால் விரைவில் அறிகுறி காட்டும் செடிகளில், தேய்த்துப் பார்ப்பதும், எலைசா, பிசிஆர் என்னும் ஆய்வகச் சோதனைகளுக்கு அனுப்புவதும் இதற்காகவே. திசு வளர்ப்புக் குடுவையில் வந்தது என்பதற்காக வைரஸ் இல்லை என்று ஆகிவிடாது. குடுவை பூச்சியையும் பூஞ்சணத்தையும் தடுக்கும், தாய்ச்செடியின் உயிரணுக்களுக்குள் இருந்ததைத் தடுக்காது.

இப்போது என் பொறுப்பில் உள்ள வலைக்குடிலில் 64 பிளம் ஒட்டுச்செடிகள் இருக்கின்றன. சென்ற கோடையின் முடிவில், கடைசி வரிசையில் ஒரு செடியின் இரண்டு இலைகளில் மட்டும் மங்கலான மஞ்சள் வளையங்கள் தெரிந்தன. வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் தெரியும், மேசைமேல் வைத்தால் மறையும் அளவுக்கு மங்கல். பிளம் பாக்ஸ் வைரஸ் என்று சந்தேகித்து மாதிரி அனுப்பினேன்; இல்லை என்று பதில் வந்தது. ஆனால் கோடை வெப்பத்தில் இந்த வைரஸ் இலைகளில் குறைந்து, சோதனைக்குப் பிடிபடாமல் போவதுண்டு. மரத்தின் எல்லாக் கிளைகளிலும் அது சமமாகப் பரவியிருப்பதும் இல்லை. உரிமையாளர் இரண்டு முறை கூப்பிட்டு, விடுவிக்கலாமா என்று கேட்டுவிட்டார். வசந்தத்தில் வரும் முதல் இலைகளை, நான்கு திசைக் கிளைகளிலிருந்தும் எடுத்துச் சோதித்த பிறகே சொல்ல முடியும் என்றேன். நேற்றும் போய்ப் பார்த்தேன். மொட்டுகள் பருத்திருக்கின்றன, செதில்கள் இன்னும் விரியவில்லை.